கட்டணமில்லா சிகிச்சை கட்டணமில்லாமலே நடக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் நடைமுறையில் உள்ள புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குறித்து, கருவூலத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும், மாதந்தோறும் அதற்குச் சந்தா செலுத்துகிறவன் என்ற முறையிலும் இக்கடிதத்தை எழுதுகிறேன். ஓய்வூதியர்களுக்கான திட்டம் 2022 ஜூலை 1-ஆம் தேதி தொடங்கியது. அதன் நான்காண்டுக் காலம் 2026 ஜூன் 30-ஆம் தேதியோடு நிறைவடைகிறது. அடுத்த திட்டத்தின் நிபந்தனைகள் ஒப்பந்தமாகக் கையெழுத்தாகிவிட்டால் பிறகு பல ஆண்டுகளுக்கு அவற்றில் கைவைக்க முடியாது என்பதால், சொல்ல வேண்டியதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கட்டணமில்லா சிகிச்சை என்று அரசாணையில் எழுதப்பட்டிருப்பது மருத்துவமனையிலும் கட்டணமில்லாமல் நடக்க வேண்டும், அந்தச் சிகிச்சை தரமானதாகவும் இருக்க வேண்டும், இவ்விரண்டையும் காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பில் விட்டுவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் கோரிக்கை.

இத்திட்டத்துக்கான சந்தாவை நாங்கள் நேரில் சென்று கட்டுவதில்லை. ஊழியருக்குச் சம்பளப் பட்டியலிலும் ஓய்வூதியருக்கு மாத ஓய்வூதியத்திலும் அது பிடித்தம் செய்யப்படுகிறது. 2021 ஜூலையில் ஊழியர்களின் மாதச் சந்தா 180 ரூபாயிலிருந்து 300 ரூபாயாகவும், 2022 ஜூலையில் ஓய்வூதியர்களின் சந்தா 350 ரூபாயிலிருந்து 497 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. நான்காண்டுகளுக்குக் கணக்கிட்டால் ஓர் ஓய்வூதியர் செலுத்துவது 23,856 ரூபாய். இது தாங்க முடியாத தொகை என்று நான் வாதிடவில்லை. அறுபது வயதைக் கடந்த ஒருவர் தனியாகப் பாலிசி எடுக்கப் போனால் கேட்கப்படும் பிரீமியம் இதைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏற்கெனவே உள்ளவர் என்றால் காத்திருப்புக் காலம் என்று ஒன்றை விதிப்பார்கள் என்பதும் அனைவரும் அறிந்ததே. இத்திட்டத்தின் உதவியால் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டு இன்று நலமாக நடமாடும் பலரை நான் அறிவேன். ஆகவே, திட்டமே வேண்டாம் என்று சொல்வது என் நோக்கமன்று. மாதம் தவறாமல் பணம் பிடிக்கப்படும் ஒரு திட்டத்தில், நோய் வந்த நாளில் எங்களுக்கு உரியது முழுமையாகக் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம்.

சிக்கல் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில்தான் தொடங்குகிறது. சில மாதங்களுக்கு முன் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. திட்டப் பட்டியலில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்கே அழைத்துச் சென்றோம். அதன் பெயரைக் குறிப்பிட நான் விரும்பவில்லை. இதே அனுபவத்தைப் பல ஊர்களைச் சேர்ந்த ஓய்வூதியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்பதால், ஒரு மருத்துவமனையைச் சுட்டிக்காட்டுவதில் பயனும் இல்லை. காப்பீட்டு அட்டை, ஓய்வூதியக் கொடுப்பாணை எண், ஆதார் நகல் எல்லாவற்றையும் கொடுத்த பிறகு அங்கிருந்தவர் முதலில் கேட்டது முன்பணம். “அப்ரூவல் வந்ததும் திருப்பித் தந்துவிடுவோம்” என்றார். மறுநாள், “உங்கள் பேக்கேஜில் சாதாரண இம்ப்ளாண்ட்தான் வரும். நல்லதாக வைக்க வேண்டுமானால் வித்தியாசத் தொகையை நீங்கள் கட்டிவிடுங்கள்” என்றார். பேக்கேஜ் என்பது ஒரு சிகிச்சைக்குக் காப்பீட்டில் நிர்ணயிக்கப்பட்ட மொத்தத் தொகை; இம்ப்ளாண்ட் என்பது உடலுக்குள் பொருத்தப்படும் செயற்கைப் பாகம். சாதாரணம் என்பது எந்த நிறுவனத்தின் தயாரிப்பு, நல்லது என்பது எது, இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டதற்கு மருத்துவரைக் கேட்கச் சொன்னார். மருத்துவரைக் கேட்டபோது காப்பீட்டுப் பிரிவில் விசாரிக்கச் சொன்னார். வலியில் துடிக்கும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்தக் குடும்பமும் இதற்கு மேல் வாக்குவாதம் செய்யாது. கூடுதல் வசதிகளை எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் கேட்டுப் பெறுவதாக ஏற்கெனவே அச்சடித்து வைக்கப்பட்டிருந்த படிவத்தில் என் மகன் கையெழுத்திட்டான், பணமும் கட்டினோம்.

அந்தக் கையெழுத்தின் விளைவு பின்னால்தான் தெரிய வருகிறது. கட்டிய தொகையைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்தால், பட்டியல் மருத்துவமனையில் கட்டணமில்லா சிகிச்சை அளிக்கப்பட்டுவிட்டது, கூடுதல் தொகை நோயாளியின் சம்மதத்தோடு பெறப்பட்டது, எனவே திருப்பித் தர இடமில்லை என்ற பதில் வருகிறது. பட்டியலில் இல்லாத மருத்துவமனைக்குப் போனவர் பட்டியலில் இல்லை என்ற காரணத்தால் அலைகிறார். பட்டியலில் உள்ள மருத்துவமனைக்குப் போனவர் பட்டியலில் இருக்கிறது என்ற காரணத்தாலேயே அலைகிறார். இரண்டு வழியும் அடைபட்ட பிறகு ஒரு முதியவர் எங்கே போவார்?

மருத்துவமனைகளின் தரப்பிலும் ஒரு நியாயம் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் காப்பீட்டு நிறுவனம் ஒரு பேக்கேஜ் தொகையை நிர்ணயிக்கிறது. ஒப்பந்தம் நடக்கும் ஆண்டுகளில் செவிலியர் சம்பளமும் மருந்து விலையும் மின்கட்டணமும் ஏறிக்கொண்டே போகின்றன. தொகை மட்டும் அப்படியே நின்றால் மருத்துவமனை அந்த இடைவெளியை எங்கேயாவது ஈடுகட்டத்தான் பார்க்கும். தொகை போதாது என்றால் அதைக் காப்பீட்டு நிறுவனத்திடமும் அரசிடமும் கேட்டு உயர்த்திக்கொள்ள வேண்டும். நோயாளியின் படுக்கையருகே வந்து வசூலிக்கக் கூடாது. பேக்கேஜ் தொகையை ஆண்டுதோறும் மறுஆய்வு செய்யும் விதியை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிட்டால், அதன் பிறகும் வித்தியாசத் தொகை கேட்கும் மருத்துவமனைக்குச் சொல்லிக்கொள்ள எந்தச் சாக்கும் இருக்காது. அத்தோடு ஒவ்வொரு சிகிச்சைக்கும் உரிய பேக்கேஜ் தொகையும் அதில் அடங்குபவையும் தமிழில் அச்சிடப்பட்டு, காப்பீட்டுப் பிரிவின் முன்னால் எல்லோரும் படிக்கும்படி ஒட்டப்பட வேண்டும். இன்று அந்தத் தொகை மருத்துவமனைக்கும் டிபிஏ எனப்படும் இடைநிலை நிர்வாக நிறுவனத்துக்கும் தெரிகிறது. சந்தா கட்டுகிற எங்களுக்கு மட்டும் தெரிவதில்லை.

வீடு திரும்பும் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் சுற்றுக்கு வரும் மருத்துவர் “இன்று போகலாம்” என்று சொல்லிவிடுகிறார். இறுதிப் பில் தயாராகி, டிபிஏவுக்குப் போய், அங்கிருந்து கேள்விகள் வந்து, பதில்கள் அனுப்பப்பட்டு, ஒப்புதல் வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. சில வேளைகளில் மறுநாளும் ஆகிவிடுகிறது. அந்த நாளுக்கான அறை வாடகையும் யார் தலையிலோ விழுகிறது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கை, கட்டணமில்லா சிகிச்சைக்கான முன் அனுமதியை ஒரு மணி நேரத்துக்குள் முடிவு செய்ய வேண்டும் என்றும், வீடு திரும்புவதற்கான இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும், அதற்கு மேல் தாமதமானால் மருத்துவமனை கேட்கும் கூடுதல் தொகையைக் காப்பீட்டு நிறுவனமே பங்குதாரர் நிதியிலிருந்து ஏற்க வேண்டும் என்றும் கூறுகிறது. சொந்தமாகப் பாலிசி எடுத்தவருக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு, அரசே முன்னின்று நடத்தும் திட்டத்தில் உள்ளவருக்கு ஒரு படி கூடுதலாகவே கிடைக்க வேண்டும். அடுத்த ஒப்பந்தத்தில் இந்த ஒரு மணி, மூன்று மணி வரம்புகள் வரிக்கு வரி எழுதப்பட்டு, மீறினால் என்ன அபராதம் என்பதும் எழுதப்பட வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய கேள்வி தரம். ஒரு மருத்துவமனை பட்டியலில் இருக்கிறது என்பதற்கு, குறிப்பிட்ட தொகைக்குச் சிகிச்சை அளிக்க அது ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதுதான் பொருள். அங்கே நல்ல சிகிச்சை கிடைக்கும் என்று எங்களுக்கு எவரும் உறுதி சொல்வதில்லை. மருத்துவமனைகளுக்கான தேசியத் தர அங்கீகார வாரியமான என்ஏபிஎச் 2005-ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. அரசு மருத்துவமனைகளுக்கென்று தேசியத் தர உறுதிப்பாட்டு விதிகள் உள்ளன. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தும் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்டு விதிகளும் வகுக்கப்பட்டன. சட்டங்களுக்கும் விதிகளுக்கும் பஞ்சமில்லை. அவற்றைப் பயன்படுத்தி, பட்டியலில் உள்ள ஒவ்வொரு மருத்துவமனையிலும் அறுவை சிகிச்சைக்குப் பின் தொற்று எத்தனை பேருக்கு வந்தது, ஒரு மாதத்துக்குள் மீண்டும் அனுமதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்கு எத்தனை செவிலியர்கள் இருக்கிறார்கள், பெயர்ப் பலகையில் உள்ள சிறப்பு மருத்துவர் அங்கே முழுநேரம் பணிபுரிகிறாரா, வாரத்தில் ஓர் மாலை வந்துபோகிறவரா என்பவற்றையெல்லாம் திரட்டி ஆண்டுதோறும் வெளியிடுவதைத்தான் யாரும் செய்வதில்லை. எந்த மருத்துவமனைக்குப் போவது என்று ஓர் ஓய்வூதியர் இன்று முடிவு செய்வது பக்கத்து வீட்டார் சொல்லைக் கேட்டோ கட்டடத்தின் பளபளப்பைப் பார்த்தோதான்.

நல்ல பெயர் மட்டுமே தரத்துக்குச் சான்றாகாது என்பதை ஓர் எண் காட்டும். 2019–21 காலத்தில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைப் பிரசவங்களில் 36 விழுக்காடும், தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 விழுக்காடும் அறுவை சிகிச்சை மூலம் நடந்தவை. இந்த இடைவெளி முழுவதற்கும் தாய்மாரின் உடல்நிலையே காரணம் என்று சொல்லிவிட முடியாது. தேவையற்ற அறுவை சிகிச்சையும் தரக்குறைவுதான். அதற்குக் காப்பீடு பணம் கொடுத்துவிடுகிறது என்பதால் உடம்பு படும் பாடு குறைந்துவிடுவதில்லை.

உடலுக்குள் வைக்கப்படும் கருவிகளைப் பற்றி அரசு கண்டிப்பாக இருக்க முடியும் என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் இதய இரத்தக்குழாய் அடைப்பை நீக்கிப் பொருத்தும் ஸ்டென்ட் என்ற சிறு குழல்களுக்கு உச்சவிலை விதித்தது; மருந்து பூசப்பட்ட ஸ்டென்டின் விலை அன்று 29,600 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கும் விலை வரம்பு வந்தது. ஸ்டென்டின் விலையையும் நிறுவனப் பெயரையும் தொகுதி எண்ணையும் பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்றும் ஆணையம் கூறியது. நமது திட்டத்தில் பொருத்தப்படும் ஒவ்வொரு இம்ப்ளாண்டுக்கும் இதே விதியை நீட்டித்து, பெட்டியில் உள்ள ஒட்டுச்சீட்டை டிஸ்சார்ஜ் கோப்பில் ஒட்டித் தரச் செய்தால், சாதாரணம், நல்லது என்ற பேச்சுக்கே இடம் இருக்காது. என் மனைவியின் கோப்பில் அந்தச் சீட்டு இல்லை. கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

அவசர காலத்தில் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் செலவுக் கோப்புகளை நான் பணியில் இருந்தபோது நிறையப் பார்த்திருக்கிறேன். நெஞ்சுவலி வந்த ஒருவரை ஆம்புலன்ஸ் ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும் மருத்துவமனைக்குத்தான் கொண்டு செல்வார். பட்டியலைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். அவசர சிகிச்சைக்குத் திட்டத்தில் வழி இருந்தும், இது உண்மையில் அவசரம்தானா என்ற கேள்வியோடு கோப்பு திரும்பும். சான்று இணைத்து அனுப்பினால் அசல் பில் இல்லை என்று மறுபடி திரும்பும். 2018 ஏப்ரல் 13 அன்று சிவ காந்த் ஜா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற மத்திய அரசு அதிகாரி ஒருவரின் கோரிக்கையை ஏற்று, மருத்துவமனை அரசின் பட்டியலில் இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் மருத்துவச் செலவை மறுக்கக் கூடாது, சிகிச்சை உண்மையில் நடந்ததா, அது ஆவணங்களால் உறுதியாகிறதா என்பதே பார்க்க வேண்டியது என்று தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டி ஒவ்வொரு ஓய்வூதியரும் தனித்தனியே உயர் நீதிமன்றப் படியேற வேண்டும் என்று அரசு எதிர்பார்க்கக் கூடாது. தீர்ப்பின் சாரத்தை அரசாணையிலேயே எழுதி, இன்ன நாளுக்குள் கோப்பை முடிக்க வேண்டும் என்று காலவரம்பும் வைத்தால் நீதிமன்றத்துக்கும் சுமை குறையும், கருவூலத்துக்கும் சுமை குறையும்.

காப்பீட்டுத் தொகையின் அளவுக்கு வருகிறேன். இப்போதைய திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு நான்காண்டுகளுக்குச் சேர்த்து 5 லட்சம் ரூபாய். குறிப்பிட்ட சில கொடிய நோய்களுக்கு 10 லட்சம் வரை. சராசரியாகப் பார்த்தால் ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கான முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு வருமான வரம்பின்றி மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய திட்டத்திலும் வரம்பு ஆண்டுக்கு 5 லட்சம். ஏழைகளுக்குக் கிடைப்பதைப் பார்த்து எனக்குப் பொறாமை இல்லை. அவர்களுக்கு இன்னும் கூடுதலாகவே கிடைக்க வேண்டும். ஆனால் சந்தா செலுத்தும் ஒருவருக்கு முதல் ஆண்டிலேயே புற்றுநோய் வந்து தொகை தீர்ந்துவிட்டால், அடுத்த மூன்று ஆண்டுகளும் அவர் சந்தாவை மட்டும் கட்டிக்கொண்டு சிகிச்சைக்குக் கடன் வாங்க வேண்டும் என்பது எந்த வகையில் பொருந்தும்? வரம்பை ஆண்டு அடிப்படைக்கு மாற்றுவதே முறை. அதற்காகச் சந்தா ஓரளவு உயர்ந்தாலும் பெரும்பாலானோர் ஏற்பார்கள் என்றே நம்புகிறேன். அந்த உயர்வு எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை. மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தில் ஊதிய நிலைக்கு ஏற்ப மாதம் 250 ரூபாய் முதல் 1,000 ரூபாய் வரை வசூலிக்கிறார்கள். இங்கே அலுவலக உதவியாளரும் துறைச் செயலாளரும் ஒரே சந்தாவைச் செலுத்துகிறார்கள்.

திருமணமான ஊழியரின் பெற்றோருக்கு இத்திட்டத்தில் இடமில்லை என்பதும் மாற வேண்டும். கேரளத்தில் 2022 ஜூலையில் மாதம் 500 ரூபாய்ச் சந்தாவில் தொடங்கப்பட்ட மெடிசெப் திட்டம் ஊழியரைச் சார்ந்திருக்கும் பெற்றோரையும் உள்ளடக்கியது. புறநோயாளியாகப் பெறும் சிகிச்சைக்கு இங்கே காப்பீடு இல்லை. மாதம் 300 ரூபாய் மருத்துவப் படிதான். சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவருக்கு அது சில நாள்களுக்குக்கூடக் காணாது.

இவ்வளவுக்கும் நடுவே அரசின் கையிலேயே உள்ள ஒரு வழி போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை. 2023 ஜூன் 15 அன்று கிண்டியில் திறக்கப்பட்ட ஆயிரம் படுக்கைகள் கொண்ட கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையையும், சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையையும், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையையும் நடத்துவது இதே அரசுதான். இறந்தவர்களின் உறுப்புகளைப் பெற்று மாற்று அறுவை சிகிச்சை செய்வதில் தமிழ்நாட்டு அரசு மருத்துவர்கள் நாட்டுக்கே வழிகாட்டியவர்கள். மருத்துவரின் திறமையில் குறையில்லை என்று தெரிந்தும் அரசு ஊழியர் அங்கே போகத் தயங்குவதற்குக் கழிவறையின் நிலையும் வார்டின் நெரிசலும் துணைக்கு வருபவர் தரையில் படுக்க நேர்வதுமே காரணங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கட்டணப் படுக்கைப் பிரிவுகளை விரிவாக்கி, காப்பீட்டுத் தொகை அவற்றுக்கே சென்று சேரும்படி செய்தால், எங்கள் சந்தாப் பணம் அரசு மருத்துவமனையின் தரத்தை உயர்த்தப் பயன்படும். வித்தியாசத் தொகை கேட்கும் தனியார் மருத்துவமனைக்கு மாற்றாக ஓர் இடமும் எங்களுக்குக் கிடைக்கும். அரசின் ஊழியரே நம்பிப் போகிற மருத்துவமனையாக அது மாறினால், அதே கூரையின் கீழ் இலவச சிகிச்சை பெறும் ஏழைக்கும் அந்தத் தரம் கிட்டும்.

டெண்டர் மதிப்பீட்டில் யார் குறைந்த பிரீமியம் கேட்டார்கள் என்பதற்கு மட்டும் முதலிடம் தரும் வழக்கத்தை நிதித்துறை கைவிட வேண்டும். போட்டியிடும் நிறுவனங்கள் கடந்த காலத்தில் எத்தனை கோரிக்கைகளை முழுமையாக ஏற்றன, எத்தனையைக் குறைத்தன, எத்தனையை நிராகரித்தன, ஒப்புதல் தர எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டன என்ற விவரங்களுக்கும் மதிப்பெண் இருக்க வேண்டும். ஒப்பந்த விதிகளை இறுதி செய்வதற்கு முன் வரைவை வெளியிட்டு ஊழியர் சங்கங்களிடமும் ஓய்வூதியர் சங்கங்களிடமும் கருத்துக் கேட்க வேண்டும். பட்டியல் மருத்துவமனை ஒன்று நோயாளியிடம் முறைகேடாகப் பணம் பெற்றது உறுதியானால், அந்தத் தொகையை முப்பது நாள்களுக்குள் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும் என்றும், இரண்டாம் முறை சிக்கினால் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்றும் ஒப்பந்தத்தில் எழுதி, புகார் செய்ய வேண்டிய தொலைபேசி எண்ணை ஒவ்வொரு காப்பீட்டுப் பிரிவிலும் ஒட்டச் செய்யுமாறு நிதித்துறையையும் மக்கள் நல்வாழ்வுத் துறையையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கருவூலத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்